கட்டாயம் என்று சொன்னால் போதுமா?

வரி கட்டுவது விருப்பத்தின் பேரிலா, கட்டாயத்தின் பேரிலா என்று கேட்பவர்களுக்கு என் தொழிலில் இருப்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு: கட்டாயம்தான், ஆனால் நாமே தெரிவுசெய்து அனுப்பியவர்கள் நமக்கு விதித்த கட்டாயம். திருகோணமலை நகரில் சிறு வியாபாரிகளுக்கும் ஓய்வூதியகாரர்களுக்கும் வரிக் கோப்புப் பார்த்துக் கொடுப்பவன் என்ற முறையில் நானும் இதைப் பலருக்குச் சொல்லி வந்திருக்கிறேன். அது பிழையான பதில் அன்று. ஆயினும் இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு அதைச் சொல்லும்போது அதன் பிற்பாதி தொண்டையில் சிக்குகிறது. தெரிவுசெய்து அனுப்பப்பட்டவர்கள் யார், அவர்கள் அமர வேண்டிய ஆசனங்கள் வெறுமையாகக் கிடக்கும் காலத்தில் அந்தக் கட்டாயத்துக்கு என்ன நியாயம் மிஞ்சுகிறது என்ற கேள்விகள் கடந்த சில ஆண்டுகளாக என்னை விடுவதாயில்லை.

நவம்பர் 30 வருமான வரி விபரத்திரட்டுக் கொடுப்பதற்கான கடைசி நாள். அதற்கு முந்திய வாரங்களில் என் அறைக்கு வருபவர்களில் பெரும்பாலோர் பேச்சை இந்த இடத்துக்குத்தான் கொண்டுவருவார்கள். அவர்களுள் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒரு நண்பரின் வாதம் மற்றவர்களுடையதைவிடக் கூர்மையானது. "பத்திரகாளி அம்மனுக்கு ஒவ்வொரு வருசமும் ஒரு நாள் உபயம் செய்யிறன். ஒருத்தரும் எனக்கு அறிவித்தல் அனுப்பேல்லை, தண்டம் எண்டு சொல்லேல்லை. அது நான் விரும்பிக் குடுக்கிறது. இது அப்பிடியோ?" என்று கேட்டார். அவர் வரி ஏய்ப்பவர் அல்லர். காலாண்டுத் தவணைகளை ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று தேதி தவறாமல் கட்டுபவர். அதனால்தான் அவருடைய சொல் எனக்குப் பெரிதாகப் பட்டது. கட்டாதவன் வரியைக் கொள்ளை என்று சொன்னால் அது சாட்டு. ஒழுங்காகக் கட்டுபவன் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அவருடைய உவமையையே எடுத்துக்கொண்டு யோசித்தேன். உபயம் விருப்பத்தின்பாற்பட்டது என்பது உண்மை. ஆனால் அந்த விருப்பம் எதை நாடிப் போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். திருவிழாவுக்கு உபயகாரர் கிடைப்பார். தேரின் வடத்துக்குக் கிடைப்பார். அன்னதானத்துக்கு ஒருவர் போனால் இன்னொருவர் வருவார். துண்டுப்பிரசுரத்தில் குடும்பத்தின் பெயர் அச்சாகும், ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். மழைக்காலத்தில் தாழ்வான ஒழுங்கைகளில் தேங்கும் தண்ணீரைக் கடலுக்குக் கொண்டுபோகும் வாய்க்காலைத் தூர்வார உபயகாரர் எவரும் முன்வந்ததை நான் கண்டதில்லை. ஆதார வைத்தியசாலைகளில் இரவுக் கடமை பார்க்கும் தாதியின் சம்பளத்தையோ, மூதூரின் உட்கிராமம் ஒன்றுக்கு மாற்றலாகிப் போகும் கணித ஆசிரியரின் சம்பளத்தையோ உபயமாக ஏற்றுக்கொள்ள ஒரு குடும்பம் கிடைக்குமா? 2004 டிசம்பர் 26 ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது, அரசாங்கத்தின் கை எட்டுவதற்கு முன்னரே கோவில்களிலும் பள்ளிவாசல்களிலும் தேவாலயங்களிலும் அடுப்பு மூட்டப்பட்டுச் சோற்றுப் பார்சல்கள் வந்தன. மனிதர்கள் கொடுக்க விரும்பாதவர்கள் என்று சொல்பவனுக்கு அந்த நாட்களே பதில். ஆனால் அந்தக் கொடை கண் முன்னே தெரிந்த பசிக்குக் கொடுத்த கொடை. பத்து ஆண்டுகளின் பின் வரப்போகும் நோயாளிக்காக இன்று கட்டப்பட வேண்டிய நோயாளர் விடுதி யாருடைய கண்ணுக்கும் தெரிவதில்லை.

ஆகவே நண்பரின் ஒப்பீட்டில் ஒரு பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன்: வரி உபயம் அன்று. கட்டாதவரின் வட்டியும் தண்டமும் ஏறும், வழக்கு வரும், வீடு வளவுக்கு உள்ளூராட்சி சபை அறவிடும் சோலைவரியைக் கட்டாத வீட்டின் அசையும் சொத்தைக் கைப்பற்ற உள்ளூராட்சிச் சட்டம் இடம் கொடுக்கிறது. இதற்கு இனிப்புப் பூசத் தேவையில்லை. அமெரிக்க உயர் நீதிமன்றம் 1960 இல் ஒரு வழக்கில், தங்கள் நாட்டு வரிமுறை தாமாக முன்வந்து மதிப்பிட்டுக் கட்டுவதில் தங்கியிருக்கிறது என்றும் சொத்தைப் பறிப்பதில் தங்கியிருக்கவில்லை என்றும் சொன்னது. அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு வரியே விருப்பத்துக்கு உரியது என்று வாதிட்டவர்கள் அங்கே நீதிமன்றங்களில் தொடர்ந்து தோற்றிருக்கிறார்கள். கணக்கை நானே போடலாம் என்பதற்கு மட்டுமே அங்கே விருப்பம் என்று பெயர். கட்டாமல் விடுவதற்கு அன்று. எங்கள் உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அப்படித்தான். விபரத்திரட்டை நிரப்புவது நீங்கள். நிரப்பாமல் விட்டால் மதிப்பீட்டை அவர்கள் செய்வார்கள்.

விருப்பத்துக்கு விட்டுப் பார்த்த காலம்

இந்த விவாதத்தை வெறும் கற்பனையில் நடத்த வேண்டிய தேவை எங்களுக்கு இல்லை, ஏனென்றால் இந்த நாடு அதைச் செய்து பார்த்துவிட்டது. 2019 இன் இறுதியில் புதிய அரசாங்கம் பெறுமதி சேர் வரியை 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைத்தது. அந்த வரிக்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை எல்லை 120 இலட்சம் ரூபாயிலிருந்து 30 கோடிக்கு உயர்த்தப்பட்டது. சம்பளத்திலிருந்து மாதாமாதம் கட்டாயமாக வெட்டப்பட்டுவந்த வரி 2020 ஜனவரியில் நிறுத்தப்பட்டு, வட்டியிலிருந்து பிடிக்கப்பட்டுவந்த நிறுத்திவைத்தல் வரியும் கைவிடப்பட்டது. பின்னர் 2020 ஏப்ரலில் சம்பளத்துக்கான முற்பண வரி என்று ஒன்று வந்தபோது, இலங்கையில் வசிக்கும் ஊழியர் சம்மதித்தால் மாத்திரமே தொழில் வழங்குநர் அதை வெட்டலாம் என்று வைத்தார்கள். வரிக் கடப்பாடு சட்டத்தில் இருந்தது. மாதாந்தம் வெட்டுவதற்கு மட்டும் உங்கள் சம்மதம் தேவைப்பட்டது. 2023 ஜனவரி 1 வரை இந்த நிலை நீடித்தது. சம்மதக் கடிதம் ஒன்றை எழுதித் தாருங்கள் என்று என்னிடம் கேட்டு வந்தவர் எவரும் எனக்கு நினைவில் இல்லை. நல்ல சம்பளம் வாங்குபவர்கள், படித்தவர்கள், ஊருக்கு நன்மை செய்பவர்கள் பலர் அந்தக் காலத்தில் என் அறைக்கு வந்துபோனார்கள். அவர்களை நான் குறைசொல்லவில்லை. பக்கத்து மேசைக்காரர் வெட்டவிடாதபோது நான் மட்டும் வெட்டவிடுவதால் வாய்க்கால் தூர்வாரப்படப் போவதில்லை என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அப்படி நினைப்பதில் தர்க்கப் பிழை ஏதும் இல்லை.

இங்கேதான் கட்டாயத்தின் உண்மையான பயன் எனக்குப் புலப்படுகிறது. சட்டத்தின் பலவந்தம் என்னை அச்சுறுத்துவதற்காக மட்டும் இருப்பதன்று. என்னைப் போன்ற வருமானமுள்ள மற்றவனும் கட்டுவான் என்ற உத்தரவாதத்தை எனக்குத் தருவதற்காகவும் இருக்கிறது. அந்த உத்தரவாதம் இருந்தால் கட்டத் தயாராயிருக்கும் ஆயிரம் பேர், அது இல்லாதபோது கட்டமாட்டார்கள். ஆகவே விருப்பமும் கட்டாயமும் ஒன்றையொன்று வெட்டும் சொற்கள் என்று வைத்துக்கொண்டு பேசுவது மனிதர்கள் உண்மையில் நடந்துகொள்ளும் விதத்துக்குப் பொருந்தாது. உழைப்பின் மீதான வரி, கட்டாய உழைப்புக்கு நிகரானது என்று அமெரிக்க மெய்யியலாளர் ரொபேர்ட் நோசிக் 1974 இல் எழுதினார். வலுவான வாதம், தட்டிக்கழிக்கக் கூடியது அன்று. ஆனால் வரி இல்லாதபோது மனிதன் எவருக்கும் எதையும் இழக்காமல் இருப்பான் என்ற எடுகோள் அதற்குள் கிடக்கிறது. அந்த எடுகோளை 2022 இன் பொருளாதார நெருக்கடி எங்கள் கண் முன்னாலேயே உடைத்துப் போட்டது.

கடிதம் வராத வரி

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், ஊரில் எல்லோருக்கும் ரீச்சர், 2025 ஏப்ரலின் பின்னர் ஒரு நாள் என்னிடம் வந்தார். வட்டியின் மீதான நிறுத்திவைத்தல் வரி 2023 இல் 5 வீதமாகத் திரும்பி வந்திருந்தது. 2025 ஏப்ரலில் 10 வீதமாகியது. ஆண்டு வருமானம் 18 இலட்சம் ரூபாயைத் தாண்டாதவர், வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தோடு, ஊரில் சொல்வதென்றால் ரின் நம்பரோடு, வங்கியில் ஒரு சுயபிரகடனம் கொடுத்தால் அந்தப் பத்து வீதத்தை வெட்டமாட்டார்கள். ரீச்சரின் வருமானம் அந்த எல்லைக்குக் கிட்டவும் வராது. ஆனால் ரின் எடுக்க வேண்டும் என்பதோ, படிவம் ஒன்று இருக்கிறது என்பதோ அவருக்கு எவராலும் சொல்லப்படவில்லை. வங்கியிலிருந்து வந்த துண்டுகள் எல்லாவற்றையும் இறப்பர் பட்டி போட்டு ஒரு பிளாஸ்டிக் கோப்பில் வைத்திருந்தார். அந்தக் கட்டின் அடியில் பழைய கலண்டர் தாள் ஒன்று இருந்தது. அதன் வெறுமையான பின்பக்கத்தில், கோடு போட்டுப் பழகிய ஆசிரியையின் கையெழுத்தில், மாதங்கள் ஒரு நிரலிலும் பால்மா, எரிவாயு, சீனி, தேங்காய் ஆகியவற்றின் விலைகள் மற்ற நிரல்களிலும் எழுதப்பட்டிருந்தன. 2021 இன் நடுவில் தொடங்கி 2022 இன் இறுதி வரை அந்தப் பதிவு போயிருந்தது. எரிவாயுச் சிலிண்டரின் நிரலில் கடைசி எண் முதல் எண்ணைப்போல் மூன்று மடங்கைத் தாண்டியிருந்தது.

நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது அவர் அந்தத் தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். "பத்து வீதம் வெட்டினதுக்குக் கடிதம் வந்திருக்கு, தம்பி. பாதி போனதுக்கு ஒரு கடிதமும் வரேல்லை" என்றார். குரலில் கோபம் இருக்கவில்லை. வகுப்பில் ஒரு கணக்கின் விடையை வாசிப்பதுபோல் சொன்னார். சேவைக்காலம் முழுவதற்குமாகக் கிடைத்த பணிக்கொடையை அவர் நிலையான வைப்பில் போட்டிருந்தார். அதன் இலக்கம் குறையவில்லை. வட்டியால் கூடத்தான் செய்தது. அந்த இலக்கத்தைக் கொண்டு வாங்கக்கூடிய பொருள் மட்டும் ஏறக்குறையப் பாதியாகிவிட்டது.

அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு வரி பற்றிய என் யோசனை வேறு பாதையில் போனது. எங்கள் அரசியலமைப்பின் 148 ஆம் உறுப்புரை, பொது நிதியின் மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு உரியது என்றும், பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த உள்ளூர் அதிகாரசபையோ பகிரங்க அதிகாரசபையோ வரி விதிக்கக் கூடாது என்றும் சொல்கிறது. ரீச்சரின் பத்து வீதம் அந்த உறுப்புரைக்கு உட்பட்டது. அதற்குச் சட்டம் உண்டு, திகதி உண்டு, விலக்கு உண்டு, படிவம் உண்டு; தவறாக வெட்டப்பட்டால் மீளக் கேட்கலாம். பாதி போனதற்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. வரியைக் குறைத்த அரசாங்கம் செலவைக் குறைக்கவில்லை. வரி வருமானம் மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 8 வீதத்தையும் எட்டாத நிலைக்கு இறங்கியது. பற்றாக்குறையை நிரப்ப மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கிக் காசை உருவாக்கியது. வெளிநாட்டு ஒதுக்கு வற்றி, 2022 மார்ச்சில் ரூபாயைத் தாங்கிப் பிடித்திருந்த கை விடப்பட்டது. ஏப்ரல் 12 ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதம், உணவுப் பொருள்களில் 90 வீதத்துக்கும் மேல். 2019 இல் உயர் வருமானக்காரரிடம் கேட்காமல் விட்டது, 2022 இல் ரீச்சரிடமும் திருக்கடலூரின் மீனவக் குடும்பத்திடமும் நாட்கூலிக்காரரிடமும் கேட்காமல் எடுக்கப்பட்டது. எந்தப் பாராளுமன்றமும் அதற்கு வாக்களிக்கவில்லை.

வரி என்றாலே பலவந்தம் என்று சொல்லும் நண்பர்களிடம் நான் இப்போது கேட்பது இதைத்தான்: இந்த இரண்டில் எது பெரிய பலவந்தம்? சட்டம் போட்டு, பெயர் வைத்து, வீதம் சொல்லி, முறைப்பாடு செய்ய வழியும் விட்டு எடுக்கப்பட்டதா? எவருக்கும் தெரியாமல், எவரும் பொறுப்பேற்காமல், கைக்கு வரும் முன்பே காசின் வலிமையை உறிஞ்சியதா? பொருளாதாரத்தைத் தவறாகக் கையாண்டு பொதுமக்களின் நம்பிக்கைப் பொறுப்பை மீறினார்கள் என்று முன்னாள் ஜனாதிபதி உள்ளிட்ட பலர் மீது உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதனால் எவருடைய சேமிப்பும் திரும்பி வரவில்லை. 2023 இன் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்கு நேரடியாகக் காசு அச்சிட்டுக் கொடுக்கும் கதவைச் சாத்தியிருக்கிறது. அந்தச் சட்டத்தை வரி செலுத்துவோர் அனைவரும் தங்களுடைய பாதுகாப்பாகக் கருத வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதைத் தளர்த்தும் பேச்சு எப்போது வந்தாலும் எதிர்க்க வேண்டும்.

ரீச்சரைப் போன்றவர்கள் வேறொரு வகையிலும் கேட்கப்படாமல் கட்டுகிறார்கள். இந்த நாட்டின் வரி வருமானத்தில் பெரும்பகுதி பொருள்களின் விலைக்குள் ஒளிந்து வருவது. பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி 1 முதல் 18 வீதம். வருமான வரிக் கோப்பே இல்லாத மீனவர் வள்ளத்து எஞ்சினுக்கு உதிரிப்பாகம் வாங்கும்போதும், கைத்தொலைபேசி வாங்கும்போதும் அதைக் கட்டுகிறார். கட்டுவது தெரிந்தால்தானே கேட்கத் தோன்றும்? "நான் வரி கட்டுற ஆள் இல்லையே" என்று என்னிடம் சொன்ன ஏழைகள் எத்தனையோ பேர். மறுபக்கம், 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனியின் விசேட வர்த்தகப் பண்ட வரி கிலோவுக்கு 50 ரூபாயிலிருந்து 25 சதமாக ஒரே இரவில் இறக்கப்பட்டபோது, கடையில் சீனியின் விலை அந்த அளவுக்கு இறங்கவே இல்லை. அரசாங்கம் கைவிட்ட ரூபாய்கள் இடையில் நின்றவர்களிடம் தங்கின.

வெறுமையான ஆசனங்கள்

இலங்கையில் சர்வசன வாக்குரிமை 1931 இல் வந்தது. வருமான வரிச் சட்டம் 1932 இன் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாக வந்தது. அந்த ஒழுங்கு முக்கியமானது: முதலில் வாக்கு, பிறகு வரி. அதற்கு முந்திய நூற்றாண்டில், 1848 இல், ஆளுநர் டொரிங்ரனின் ஆட்சி துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி போட்டு, ஆண்டுக்கு ஆறு நாள் வீதி வேலை செய் அல்லது மூன்று சிலிங் கட்டு என்று கட்டளையிட்டபோது மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் எழுந்தார்கள். புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். அங்கே கட்டாயம் மட்டும் இருந்தது, கட்டுபவனின் கைக்கு எட்டக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

கட்டாயம் மட்டும் இருந்த காலம் எங்களுக்கும் தெரியும். போர் நடந்த ஆண்டுகளில் இந்த மாவட்டத்தின் வியாபாரிகள் ஆயுதம் வைத்திருந்த ஒன்றுக்கு மேற்பட்ட தரப்பினருக்குப் பணம் கொடுத்தார்கள். சிலர் அதை வரி என்றார்கள், பற்றுச்சீட்டும் எழுதித் தந்தார்கள். சிலர் பெயர் எதுவும் சொல்லாமல் வாங்கிப் போனார்கள். வேலோடு வழியில் நின்று 'இடு' என்பவனையும் கோலோடு நின்று குடிகளிடம் கேட்பவனையும் வள்ளுவர் ஒரே தட்டில் வைத்ததன் பொருளைப் பாடசாலையில் படித்ததைவிட அந்தக் காலத்தில்தான் எங்கள் தலைமுறை விளங்கிக்கொண்டது. பற்றுச்சீட்டு இருந்ததால் அது வரியாகிவிடவில்லை. வாங்கியவரை மாற்ற முடியாது, எவ்வளவு என்று வழக்காட முடியாது, எங்கே செலவானது என்று கேட்டுவிட்டு வீடு திரும்ப முடியும் என்ற நம்பிக்கையும் இல்லை. சனநாயக அரசின் வரிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு இந்த மூன்றில்தான் தங்கியிருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கட்டுபவரின் மனம் அந்த நேரத்தில் இனித்ததா கசந்ததா என்பதில் இல்லை.

அப்படியானால் அந்த மூன்றும் எங்களிடம் இன்று இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30 இல் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடக்கவேயில்லை. மாகாண சபையின் செயலகம் எங்கள் நகரில்தான் இருக்கிறது. அலுவலர்கள் வேலை செய்கிறார்கள், ஆளுநர் இருக்கிறார், தெரிவான உறுப்பினர் ஒருவரும் இல்லை. ஆனால் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் எடுக்கும் வாகன வருமான அனுமதிப்பத்திரத்தின் பணம் மாகாணத்துக்குத்தான் போகிறது. கிண்ணியாவில் பழைய மோட்டார் சைக்கிளில் மீன் விற்பவரும் கட்டுகிறார். வெருகலில் வாடகை முச்சக்கரவண்டி ஓட்டுபவரும் கட்டுகிறார். உள்ளூராட்சியிலும் இதே கதை சிறிது காலம் நடந்தது. 2018 இல் தெரிவான சபைகளின் காலம் 2023 மார்ச் 19 இல் முடிந்தது. அதற்குமுன் நடக்கவேண்டியிருந்த தேர்தல், பணமில்லை என்ற காரணத்தோடு பிற்போடப்பட்டது. 2025 மே 6 ஆம் திகதி தேர்தல் நடக்கும் வரை செயலாளர்களும் ஆணையாளர்களும் நிர்வகித்தார்கள். சோலைவரி மட்டும் பிற்போடப்படவில்லை. ஜனவரி 31 க்கு முன்னர் ஆண்டு முழுவதற்கும் கட்டினால் 10 வீதக் கழிவு என்ற வழக்கமும் தொடர்ந்தது. வரி வாங்கப் பணமிருந்தது, வாக்கு எடுக்கப் பணமிருக்கவில்லை. அந்தத் தேர்தலை நடத்தத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்தபோது, அது வரி பற்றிய வழக்கு அல்லாவிட்டாலும், வரி செலுத்துபவனாக நான் அதை என் தரப்புத் தீர்ப்பாகவே வாசித்தேன்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. கொழும்பில் எழுதப்படும் வரிக் கட்டுரைகளில் அதைக் காண்பதில்லை. பாராளுமன்றத்தின் 225 உறுப்பினர்களில் திருகோணமலை மாவட்டம் தெரிவுசெய்து அனுப்புவது நால்வரை. பெரும்பான்மையின் சம்மதமே எல்லோருடைய சம்மதமும் என்று கொள்வதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு: இன்று தோற்றவர் நாளை வெல்லக்கூடும். எண்ணிக்கையால் நிரந்தரமாகச் சிறுபான்மையாக இருக்கும் மக்களுக்கு அந்த நாளை வருவதில்லை. எங்கள் பெற்றோர் கட்டிய வரியில் எங்கள் ஊர்களின் மீது போர் நடந்தது. இன்றும் பாதுகாப்பு அமைச்சுக்கான ஒதுக்கீடு வரவுசெலவுத் திட்டத்தின் மிகப் பெரிய பங்குகளில் ஒன்று. 1846 இல் மசாசூசெற்ஸில் தலைவரி கட்ட மறுத்து ஓரிரவு சிறையிலிருந்த ஹென்றி டேவிட் தோரோ, அடிமை முறையையும் மெக்சிக்கோ மீதான போரையும் நடத்தும் அரசுக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். ஆனால் வீதி வரியைக் கட்ட ஒருபோதும் மறுத்ததில்லை என்றும் எழுதினார். எந்த வரி எதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்க அவருக்கு முடிந்தது. எங்களுக்கு எல்லாம் அரசாங்கத்தின் பொதுக் கணக்கான ஒரே திரட்டு நிதிக்குள் போய், அங்கிருந்து வரும்போது எது எவருடையது என்று அடையாளம் காண வழியில்லை. மாகாண சபை என்ற ஏற்பாட்டுக்கு எத்தனையோ குறைகள் இருக்கலாம். ஆனால் சேர்க்கப்படும் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது இங்குள்ள தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே மண்டபத்தில் அமர்ந்து பிரித்துக்கொள்ளும் வழி அது ஒன்றுதான். அதை மூடிவைத்துக்கொண்டு எங்களிடம் வரி கட்டும் கடமையைப் பற்றிப் பேசுவது நியாயமாகாது.

இத்தனைக்கும் பிறகு, கட்டாமல் விடுங்கள் என்று எவருக்கும் நான் சொல்லமாட்டேன். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியாத நிலையில் மிதப்புப் படகு கவிழ்ந்து, பாடசாலைக்குப் போன பிள்ளைகள் இறந்த செய்தியை இந்த மாவட்டத்தில் மறந்தவர் இல்லை. அந்தப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அரசு குறைவாக இருப்பது சுதந்திரம் என்று போய்ச் சொல்ல என்னால் முடியாது. அவர்களுக்கு வேண்டியிருந்தது ஒரு பாலமும், அது ஏன் முடியவில்லை என்று முன்கூட்டியே கேட்கக்கூடிய ஒரு சபையும். கட்டாயத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். கேட்க வழியில்லாத கட்டாயத்தை ஏற்கவில்லை.

2016 இன் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இரண்டு விண்ணப்பங்களை எழுதி அனுப்பியிருக்கிறேன். ஒன்று, சபையில் உறுப்பினர் இல்லாதிருந்த காலத்தில் எங்கள் வட்டாரத்தில் சேர்க்கப்பட்ட சோலைவரி எவ்வளவு, அதே வட்டாரத்தின் வாய்க்கால்களுக்கும் தெருவிளக்குகளுக்கும் செலவிடப்பட்டது எவ்வளவு, அந்தச் செலவுகளுக்கு ஒப்பமிட்ட பதவிகள் எவை என்பது பற்றியது. மற்றது, 2017 க்குப் பிந்திய ஒவ்வோர் ஆண்டும் வாகன அனுமதிப்பத்திரத்தால் மாகாணத்துக்குக் கிடைத்த தொகையும் அதன் செலவுத் தலைப்புகளும். பதில் தர அலுவலருக்கு 14 வேலை நாட்கள் உண்டு. மறுத்தால் மேன்முறையீடும் ஆணைக்குழுவும் உண்டு. இரும்புக்கடை நண்பருக்கும் ரீச்சருக்கும் ஒவ்வொரு பிரதி எடுத்துவைத்திருக்கிறேன். வேறு வட்டாரங்களில் இருப்பவர்கள் கேட்டால் விண்ணப்பத்தின் மாதிரியை அனுப்புகிறேன். வீதியின் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.